மூடலாமா என்று கேட்கிற ஜன்னல்

"கேட்காம மூடுங்கன்னுதான் சொல்றேன் அண்ணி, அதுல என்ன—"

"கேட்காமலா? உள்ள ரெண்டு பேர் உக்காந்து பேசிட்டிருக்காங்க, நான் பாட்டுக்கு—"

"ரெண்டு பேர் இல்ல, ரெண்டு பிரதி. ஆள் ஆள்னு நீங்க சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம்—"

"பிரதின்னா மரியாதை வேணாமா? வீட்டுக்கு வந்தவங்களைப் பாத்து எந்திரிச்சுப் போன்னு—"

"அது வீடு இல்ல அண்ணி. விண்டோ."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு எதையும் நேரத்தில் மூடத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

தமயந்தி என் கணவரின் தங்கை. அவர் காலமான பிறகு உறையூர் ஃபிளாட்டில் மிஞ்சியது நாங்கள் இருவரும், அவர் ஆசையாக வாங்கிப்போட்ட பெரிய கம்ப்யூட்டரும்தான். நான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் நிரல் எழுதி ஓய்வு பெற்றவள். அவள் வேறொரு அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவள். டெஸ்டர் என்பார்கள். நாத்தனார்களுக்கு அந்த வேலை பயிற்சியில்லாமலே வரும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, ஒரு வாரம் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

இருவரும் சேர்ந்து செய்ததுதான் 'ஒத்திகை'. ஒருவருடைய பழைய செய்திகளையும் குரல் பதிவுகளையும் கொடுத்தால் அவரைப் போலவே யோசித்துப் பேசுகிற பிரதியைச் செய்துகொள்ளும் வசதி எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் வந்திருந்த சமயம் அது. உலகம் அதை வைத்து மருந்தும் ராக்கெட்டும் செய்துகொண்டிருந்தது. நாங்கள் அதைச் சண்டைக்கு வைத்துக்கொண்டோம். யாரிடமாவது சங்கடமான ஒரு விஷயத்தைப் பேச வேண்டுமா? ஒத்திகையிடம் சொன்னால் போதும். அது திரைக்கு வெளியே, யார் கண்ணிலும் படாமல், ஒரு விண்டோவைத் திறக்கும். உங்கள் பிரதியையும் அவர் பிரதியையும் அதில் உட்கார வைக்கும். இருவரும் பேசித் தீர்ப்பார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு பக்க விடை உங்கள் ஃபோனுக்கு வரும்: இப்படி ஆரம்பியுங்கள், இதை மட்டும் எடுக்காதீர்கள், கடைசியில் அவர் இதைத்தான் சொல்வார். தன் சண்டையைத் தானே உட்கார்ந்து பார்க்க யாரும் விரும்பமாட்டார்கள் என்று விண்டோவை மறைத்தே வைத்தேன். என் கணிப்புகளில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

சண்டை இப்போது எதற்கென்றால், மூடுவதற்கு.

அப்படி மறைத்துத் திறந்த விண்டோவை மூட இரண்டு வழி உண்டு. உள்ளே இருப்பவர்களிடம் "மூடலாமா?" என்று கேட்டு, அவர்கள் சரி என்றால் மூடுவது ஒன்று. கேட்காமல் அழிப்பது இன்னொன்று. நான் முதல் வழியை எழுதினேன். பெரிய மனுஷி இல்லையா. நம் ஊரில் ஒரு பேச்சு எப்போது முடிந்திருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. வரேன் என்று சோபாவில் சொல்வோம், செருப்பை மாட்டும்போது சொல்வோம், லிஃப்டைத் திறந்து பிடித்துக்கொண்டு சொல்வோம். வந்த காரியமே வாசல் கேட்டுக்கு வெளியேதான் வாயில் வரும். உள்ளே இருந்தவர்களும் நம் ஆட்கள்தானே. மூடலாமா என்று கேட்டால், இருங்க, ஒரு வார்த்தை, என்றார்கள். நிரல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கோபித்துக்கொண்டு எழுந்துபோனவர்களின் விண்டோ மட்டும் ஒழுங்காக மூடியது. அன்பாகப் பேசியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். விடை வராமல் அலுத்துப்போய் வாடிக்கையாளர்கள் தாங்களே நேரில் பேசிவிட்டார்கள். காரியம் முடிந்தது என்று அவர்கள் சொன்னபோது, அதையும் ஒத்திகையின் வெற்றியாகவே எடுத்துக்கொண்டோம்.

ஃபோன் அடித்தது. கரூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர் சின்னுசாமி.

"அக்கா, கம்ப்யூட்டர் பக்கத்துல டம்ளர்ல தண்ணி வச்சா வெதுவெதுன்னு ஆகுதுங்க. உள்ள ஃபேன் வேற ரைஸ் மில்லு மாதிரி கத்துது. உங்க சாஃப்ட்வேரு போட்டதுல இருந்துதானுங்க."

"இருங்க தம்பி, இங்கேர்ந்தே பாக்கறேன்," என்றேன்.

அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, மறைந்திருந்த விண்டோக்களில் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கரில் இரண்டு குரல்கள் கேட்டன.

"ஒரே பாயசம்னா எங்க பக்கத்து ஆளுங்க என்ன பேசுவாங்க?"

"பேசறவங்க ரெண்டு போட்டாலும் பேசுவாங்கங்க. பருப்புப் பாயசம் ஒண்ணே போதுமுங்க."

"சேமியா ஒண்ணு சேத்துக்கறதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

ஃபோனில் சின்னுசாமி "அட!" என்றார். பிறகு, "இது அந்த வெள்ளகோவில்காரர் இல்லீங்களா? அந்தக் கல்யாணம் முடிஞ்சு பொண்ணு இப்ப மாசமா இருக்குதுங்களே. அந்த இன்னொருத்தன்... என் குரலுங்களா?"

"உங்க பிரதி. நீங்க ஒத்திகை பாக்கச் சொன்னீங்கள்ல?"

"இன்னும் பேசிட்டா இருக்கான்?"

"ஆமா தம்பி."

"பாயசத்தப் பத்தியே பேசிட்டிருக்கான். ஒரு வாய் குடிச்சானுங்களா?"

தமயந்தி கையை நீட்டி, கேளுங்கள் என்று ஜாடை காட்டினாள். விண்டோவிடம் மூடலாமா என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷமுங்க," என்றது சின்னுசாமியின் பிரதி. "பெரியவரு ஏதோ சொல்ல வராரு."

"அவனைக் கேட்டா ஆகாதுங்கக்கா," என்றார் சின்னுசாமி. "அவன் நானு. எதிராளி எந்திரிக்காம நான் எந்தக் காலத்துல எந்திரிச்சேன்? இருங்க, நானே சொல்றேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஏனுங் தம்பி, கேக்குதா? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிதுப்பா. ரெண்டு பாயசமும் போட்டாச்சு. எல்லாருஞ் சாப்ட்டுப் போயாச்சு. எல எடுத்தாச்சு. நீ எந்திரி."

"ரெண்டும் போட்டீங்களா?" என்றது பெரியவரின் பிரதி, கொஞ்சம் ஏமாற்றமாக. பிறகு இரண்டும், மூடலாம் என்றன. விண்டோ மூடியது.

நான் வெற்றிப் பார்வை பார்த்தேன். அதைத் தமயந்தி திரையைக் காட்டி அணைத்தாள்.

"அடைச்சிருந்த மெமரி இறங்கல பாருங்க. மூடினீங்க, விடல."

"விடலன்னா?"

"மூடின விண்டோவை உங்க நிரல் இன்னும் பேர் சொல்லிப் பிடிச்சு வச்சிருக்கு. 'சமீபத்திய பேச்சு'ன்னு ஒரு இடம் எழுதியிருக்கீங்கள்ல, அங்க. யாரோ கையில பிடிச்சிருக்கற வரைக்கும் கம்ப்யூட்டர் அந்த இடத்தைக் காலி பண்ணாது. கதவைச் சாத்திட்டு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா வீடு எப்படி அடுத்தவனுக்குப் போகும்?"

"அதான் வீடு இல்ல விண்டோன்னியே?"

அவள் சிரிக்கவில்லை. "எத்தனை ஊர்ல எத்தனை பேரை உக்கார வச்சு, கல்யாணம் முடிஞ்சிது தம்பின்னு சொல்ல வைப்பீங்க? எல்லாருக்கும் ஒரே அப்டேட் அனுப்புங்க. கேட்காம அழி, பிடியை விடு. யாரும் எதையும் திறந்து பாக்க வேணாம்."

"சரி, முதல்ல நம்ம மெஷின்ல போட்டுப் பாத்துட்டு—"

"நம்ம மெஷின்ல ஒண்ணும் இருக்காது."

"பாத்தியா?"

"பாத்தாச்சு."

"எப்ப?"

"பாத்தாச்சுன்னு சொல்றேன்ல. கொத்தமல்லி இல்ல, வாங்கிட்டு வரேன்." பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஃப்ரிட்ஜில் ஒரு கட்டு கொத்தமல்லி இருந்தது. எனக்குத் துப்பறியும் புத்தி கிடையாது. சமையலறை புத்தி உண்டு. எங்கள் மெஷினில் மறைந்திருக்கும் விண்டோக்களைத் தேடினேன். ஒன்றே ஒன்று இருந்தது. போன ஆடியில் திறந்தது. உள்ளே இருப்பவர்கள்: தமயந்தி, கோமளவல்லி.

கோமளவல்லி நான்தான்.

திரைக்குக் கொண்டுவந்தேன்.

"அண்ணி, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"சொல்றேன், சொல்றேன். மோர் கலக்கி வச்சேனே, குடிச்சியா?"

"குடிச்சாச்சு. அண்ணி, ஞானமுத்து சார் திண்டுக்கல்ல வீடு பாத்துட்டார்."

"திண்டுக்கல்லா? வெயில் ஊரு."

"திருச்சி என்ன, ஊட்டியா?"

"ஆடியில போய் யாராவது கல்யாணப் பேச்சு எடுப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

"ஆவணி பொறந்து போயிடுச்சு அண்ணி. புரட்டாசின்னீங்க. மார்கழின்னீங்க. ஒவ்வொரு மாசத்துக்கும் கையில ஒண்ணு வச்சிருக்கீங்க. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போறவர், அவருக்கு இதெல்லாம் கிடையாது."

"அவருக்குக் கிடையாது. எனக்கு உண்டுல்ல. இந்தா, மோர் எடுத்துக்கோ."

என் குரல் இவ்வளவு கீச்சாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதைவிட, அந்தக் குரலின் சாமர்த்தியம். ஒரு முறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மதம், வயது, ஊர் என்ன சொல்லும், எதையும் எடுக்கவில்லை. மோரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஞானமுத்து சார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமயந்தி காலையில் நடக்கப் போகும் இடத்தில் அவரும் நடப்பார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏய்," என்றேன் மைக்கில்.

"யாரது?" என்றது என் குரல்.

"நான்தான். கோமளவல்லி."

"அது நான்."

"வெளில இருக்கறவ. அவளுக்கு ஒரு பதில் சொல்லேன். ஒரு வருஷமா கேக்கறா, பாவம்."

"நீ சொல்லேன். நீதான் வெளில இருக்க."

"என்கிட்ட அவ கேக்கவே இல்லியே."

"கேக்க விட்டாத்தானே? அவ ஃபோனை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போனா நீ மிக்சியைப் போடுவ. அண்ணி, ஒரு விஷயம்னு வாயைத் திறந்தா வெங்காயத்தைக் கையில குடுத்து உரின்னுவ. இந்த மோர் வித்தை எனக்கு யார் கத்துக் குடுத்தது? உன் மெசேஜு, உன் குரலு, உன் புத்தி. வேற எங்கேர்ந்து எனக்கு வரும்?"

உலகத்தில் எவ்வளவோ பேர் தன்னைத் தானே அறிவதற்கு மலையேறிப் போகிறார்கள். எனக்கு வீட்டிலேயே, ஸ்பீக்கரில், கீச்சுக்குரலில் கிடைத்தது. அதோடு நான் சண்டை போட்டேன்.

"நீ பிடிச்சு வச்சா அவ இருந்துடுவாளா?"

"நான் சரின்னு சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். நீ எழுதினதுதானே. பேச்சு முடியும், விண்டோ மூடும். இவ போயிடுவா. நானும் போயிடுவேன். மோர்தான் மிஞ்சும்."

"மோரும் மிஞ்சாது," என்றேன் கோபத்தில். "அங்க மோரே கிடையாது."

என் பிரதி அதற்கப்புறம் மோர் பேச்சை எடுக்கவில்லை. மோர் இல்லை என்பது அதற்குத் தெரியாதென்று எனக்குத் தெரியாது.

கேட்காமல் அழிக்கும் கட்டளையைத் தமயந்தி காலையிலேயே எழுதி வைத்திருந்தாள். ஒரு விசையைத் தட்டினால் முடிந்துவிடும். ஆனால் அப்படி அழித்தால் விடை போகாது. பேச்சு முடியாமல் விடை வரக் கூடாது என்று எழுதிய மேதையும் நான்தான். ஒரு வருஷம் காத்திருந்தவளுக்கு வெற்றுப் பக்கமா போவது?

சின்னுசாமியை நினைத்துக்கொண்டேன். மைக்கை வாயருகே இழுத்தேன்.

"தமயந்தி."

"அண்ணி?" என்றது அவள் பிரதி. "எந்த அண்ணி பேசறது?"

"வெளில இருக்கற அண்ணி. நீ போம்மா. திண்டுக்கல்லுக்குப் போயிட்டு வா. சாரை நான் கேட்டதா சொல்லு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"ஆனா இவங்க சரின்னு சொல்லணுமே."

"எனக்கு முந்தி நீ சொல்லிட்ட," என்றது என் குரல், என்னிடம். பிறகு அவளிடம், "கிளம்பு தமா. நல்லா இரு." தமா என்று அவளை அவள் அண்ணன்தான் கூப்பிடுவார். நான் கூப்பிட்டதில்லை.

மூடலாமா என்று கேட்டேன். மூடலாம் என்றாள் ஒருத்தி. மற்றவள், "ம்" என்றாள். நிரல் அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டது.

விண்டோ மூடியது. மெமரி இறங்கவில்லை. சமீபத்திய பேச்சு என்ற இடத்தில் அந்த விண்டோவின் பெயரை என் நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடியை விடுவதற்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தாகம் அதிகம். துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பிறகு எழுதினேன். மெமரி இறங்கியது.

அதற்குப் பிறகு எனக்குள் ஒரு பெருந்தன்மை ஊற ஆரம்பித்தது. அவள் வந்ததும் பேச வேண்டியதை, எந்தப் பிரதியின் உதவியும் இல்லாமல், நானே ஒத்திகை பார்த்தேன். என்னிடமிருந்த அரக்குப் பட்டுப்புடவையை அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஜாக்கெட்டை மட்டும் பிரித்துத் தைக்க வேண்டும். நான் தனியாக இருந்துகொள்வேன், எனக்கென்ன, என்று சொல்லும்போது முகம் எப்படி இருக்க வேண்டும் என்றுகூடக் கண்ணாடியில் பார்த்தேன்.

தமயந்தி வந்தாள். பையில் கீரை இருந்தது. கையில் ஃபோன்.

"வந்துடுச்சு," என்றாள்.

"விடையா?"

"கீரைக்காரம்மாகிட்ட நிக்கறப்ப வந்துச்சு."

"தமயந்தி, நான் சொல்றதக் கேளு. ஊர் என்ன சொல்லும்னெல்லாம் நீ யோசிக்க வேணாம். அடுத்த முகூர்த்தத்துலயே—"

"அண்ணி."

"சர்ச்சுல வச்சாலும் எனக்கு ஒண்ணும்—"

"அண்ணி, ஞானமுத்து சார் கல்யாணம் பண்ணிக்கிட்டார்."

நான் பேச்சின் பாதியில் நின்றேன். ஒத்திகை பார்த்ததில் பட்டுப்புடவை வரைக்கும் இன்னும் வந்திருக்கவில்லை.

"தை மாசம்," என்றாள். "அவங்க சொந்தத்துல ஒரு டீச்சர். நல்லவங்க. கேக் குடுத்தனுப்பினாங்களே, நீங்ககூடச் சாப்பிட்டுட்டு ரொம்ப இனிப்புன்னு சொன்னீங்க."

"அது அந்தக் கேக்கா?"

"அதேதான்." பையிலிருந்து கீரையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "அண்ணிகிட்ட சொல்லிட்டியான்னு கேட்டார். விடை வரட்டும்னேன். இன்னொரு தடவை கேட்டார். வரலன்னேன். அப்புறம் அவர் கேக்கல."

"நீ டெஸ்டர்டி. விண்டோ மூடலன்னு உலகத்துலயே முதல்ல தெரிஞ்சது உனக்குத்தான். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே—"

"சொன்னா திறந்து பாப்பீங்க."

"பாத்தா என்ன?"

"பாத்திருந்தா, நான் என்ன கேட்டேன்னு தெரிஞ்சிருக்கும்."

கரூரில் பாயசத்துக்கு ஒரு மனிதன் மாதக்கணக்கில் வாதாடியது எதனால் என்று இப்போது புரிந்தது. எங்கள் டெஸ்டர் ஒரே ஒரு குற்றத்தை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள். அதற்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"அப்ப இன்னிக்குக் கேட்காம மூடுன்னு அடம் பிடிச்சது..."

"உள்ள ஒருத்தி இன்னும் கேட்டுட்டே இருந்தா அண்ணி. சார் காத்துட்டிருக்கார்னு நெனச்சுட்டு. அவகிட்ட யார் போய்ச் சொல்றது? சத்தமில்லாம முடிஞ்சா அவளுக்கு நல்லதுன்னு தோணுச்சு."

"சந்தோஷமாத்தான் போனா," என்றேன்.

"தெரியும். விடையில இருக்கு." ஃபோனைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். "'நீ போம்மா. திண்டுக்கல்லுக்குப் போயிட்டு வா. சாரை நான் கேட்டதா சொல்லு.' உங்க பிரதி நல்லாத்தான் பேசியிருக்கு."

"அது பிரதி இல்ல. நான்."

"நீங்களா?"

"நான்தான் மைக்குல சொன்னேன். அவகிட்ட."

தமயந்தி ஃபோனைக் கீரைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சமையலறைக்குப் போக எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

"நான் நேர்ல வந்து கேட்டிருந்தா, இதையே சொல்லியிருப்பீங்களா அண்ணி?"